தீவுப் பாடகியின் வெள்ளை அங்கியில் ஒரு பொட்டு மஞ்சள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சங்கரன்கோவிலில் அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மே மாதத்தில் நடந்தது இது. எங்கள் வீட்டு மாடியில் நானும், என் கணவரின் அக்காவும், இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஆரி வேலை செய்கிறோம். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டில் மணியும் ஜமிக்கியும் சரிகையும் வைத்துக் கையால் தைக்கிற வேலை. புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு முகூர்த்தம் வந்துவிட்டால் எங்கள் நாலு பேருக்கும் இடுப்பு ஒடிந்துவிடும். கணவரின் அக்கா எனக்கு மதினி; பேச்சில் மைனி என்று கூப்பிடுவேன். அவர் ஊசியைத் தொடுவதில்லை. முடிந்த துணியைச் சரிபார்ப்பது, இஸ்திரி போடுவது, மடித்துக் கட்டி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. வாய் பேசுவதும் அவர் பொறுப்புதான். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

சென்னையில் ஒரு மேடம் இருக்கிறார். வெளிநாட்டுத் துணிக்காரர்களுக்கு இங்கே கைவேலை பிடித்துக் கொடுப்பவர். எப்போதாவது எங்களுக்கும் ஒரு துண்டு வேலை தருவார். அந்த வருடம் பங்குனியில் ஒரு வெள்ளை அங்கியை அனுப்பி வைத்தார். தோளிலிருந்து தரை வரை தொங்கும் மெல்லிய பட்டு. கையை அடியில் வைத்தால் ரேகை தெரியும். அதில் வெள்ளை நூலாலும் சின்னச் சின்னக் கண்ணாடி மணியாலும் கடல் அலை போல வேலை செய்ய வேண்டும்.

யாருக்கு என்று மேடம் சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. ஐரோப்பாவில் வருடா வருடம் ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறதாம். நாட்டுக்கு ஒரு பாட்டு. டி.வி.யில் நேரடியாகக் காட்டுவார்களாம். ஜனங்கள் போனில் ஓட்டுப் போடுவார்களாம். ஆனால் தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே ஓட்டுப் போட முடியாதாம். எங்கள் அங்கியைப் போடப் போகிறவள் ஒரு குட்டித் தீவு நாட்டுப் பெண். நாட்டின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று வேலை வாங்கும்போதே பேச்சு, அதனால் இங்கேயும் சொல்லவில்லை. போனில் மேப் எடுத்துத் தேடினால் என் விரல் பட்டதுமே நாடு மறைந்துவிட்டது. நம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிற அளவு ஜனம்கூட அங்கே கிடையாது. சில வருடங்களாக அவர்கள் அரையிறுதியோடு வெறுங்கையாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவையாவது இறுதிச் சுற்றுக்குப் போய்விட வேண்டும் என்று நாடே அந்தப் பெண்ணை நம்பியிருக்கிறது என்றார் மேடம்.

மதினிக்கு இதைக் கேட்டதும் மனசு ஆறவில்லை.

"ஏட்டி, சொந்த ஊர்க்காரனே ஓட்டுப் போடக் கூடாதுன்னா அந்தப் புள்ள எப்படித்தான் செயிக்கும்? சொந்தம் பந்தம்னு பக்கத்து நாட்டுல ஆளு உண்டா?"

கடலுக்கு நடுவில் பக்கத்து நாடு ஏது என்றேன். "பாவம்ட்டி" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத பெண் எங்கள் வீட்டுப் பெண் ஆகிவிட்டாள். "நம்ம புள்ள துணிய எடு", "நம்ம புள்ள துணிமேல காத்து வராம பாத்துக்கோ" என்று ஒரே பாடு.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அந்த அங்கி மாடியில் இருந்தவரை எல்லோரையும் படாத பாடு படுத்தினேன். மேலே காபி கிடையாது. தலையில் பூ கிடையாது. குங்குமம் உதிரும், ஸ்டிக்கர் பொட்டு போதும் என்றேன். ஊசி குத்தி விரலில் ரத்தம் வந்தால் குத்திக்கொண்டவள் அன்றைக்கு முழுக்கத் துணிப்பக்கம் வரக் கூடாது. கடைசி மணியைத் தைத்து நூலை அறுத்தபோது கண்ணே எரிந்தது. மதினி துணியைச் சரிபார்த்து, மெல்லிய தாள் வைத்து மடித்துக் கட்டினார். சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறிவிட்டது என்று மேடம் சொன்ன அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி மே மாதம் வரைதான். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் மேடத்திடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. எங்கள் அங்கியின் கீழ்மூலை. அதில் கட்டை விரல் அகலத்துக்குச் செக்கச் சிவப்பாக ஒரு கறை. பின்னாலேயே மேடத்தின் அழைப்பும் வந்தது. ஒத்திகையின்போது பின்பக்கத்திலிருந்து விளக்கு அடித்தபோது மூலையில் லேசாக ஏதோ அழுக்கு கேமராவில் தெரிந்திருக்கிறது. துவைக்கப் போய் அது இப்படிச் சிவந்துவிட்டது. பாட்டின் நடுவில் அந்தப் பெண் அங்கியை இரண்டு கையாலும் உயரத் தூக்கிச் சுற்றுவாள். மறுநாள் ராத்திரி அரையிறுதி. வேறு அங்கி கிடையாது.

"இப்ப அந்த டிசைனர் உங்களை வீடியோல கூப்பிடணும்கிறார். நீங்க எதுவும் பேச வேண்டாம். எங்க இடத்துலேர்ந்து போகும்போது சுத்தமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வழியில எங்கயோ பட்டிருக்கும். புரியுதா? இல்லைன்னா இனிமே யாரும் நமக்கு வேலை தர மாட்டாங்க" என்றார் மேடம்.

ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். யார் விரல், எந்த நாள் என்று மனசு ஓடியது. வேலை செய்த இரண்டு பெண்களையும் நான் பார்த்த பார்வையை அவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது மதினி என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"இது ரத்தம் இல்லட்டி. நான் வச்ச மஞ்சளு. பாவிப்பய சோப்பு போட்டிருக்கான்."

நம் பக்கத்தில் புதுத்துணிக்கு ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்த மாட்டோம். எங்களிடம் தைக்கிற ஒவ்வொரு கல்யாண ஜாக்கெட்டுக்கும் உள்பக்கத்தில் மதினிதான் மஞ்சள் வைத்துக் கொடுப்பார். வாங்கிப் போகிற பெண்கள் அதற்காகவே சந்தோஷப்படுவார்கள். குங்குமத்தையும் பூவையும் தடுத்த எனக்கு இது தோன்றவே இல்லை. கடைசியாக மடிக்கும்போது அந்த மூலையை மட்டும் தனியாக எடுத்து ஒரு பொட்டு வைத்திருக்கிறார்.

"எல்லாத்தையும் சொன்னேனே மைனி, ஒண்ணும் படக் கூடாதுன்னு!" என்று கத்திவிட்டேன்.

"மேடையேறுத புள்ளைக்கு வெறுந்துணியவா அனுப்ப?" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. திட்ட வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினேன்.

அதற்குள் வீடியோ அழைப்பு வந்துவிட்டது. திரையில் ஒரு கட்டத்தில் மேடம். இன்னொரு கட்டத்தில் அந்த டிசைனர், தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், கழுத்தில் அளவு நாடா. கண்ணில் தூக்கமே இல்லை. அவர் வேகமாகப் பேசினார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. பிளீச். என்ன கறை என்று தெரியாவிட்டால் பிளீச் ஊற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார் என்று மேடம் சொன்னார்.

பட்டில் பிளீச் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நூல் அரித்துப்போய் மணியெல்லாம் கொட்டிவிடும். உண்மையைச் சொன்னால் எங்கள் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் அங்கி போகும். மேடம் திரையில் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். "எங்க இடத்துலேர்ந்து போகும்போது..." என்று நான் ஆரம்பித்தும் விட்டேன். சத்தியமாக அந்த வாக்கியத்தை எப்படி முடித்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

முடிக்க மதினி விடவில்லை. என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போன் முன்னால் வந்து நின்றார். "மஞ்சளு, மஞ்சளு! நாந்தான் வச்சேன். வேற யார் மேலயும் குத்தம் இல்ல. பிளீச்சு கிளீச்சு ஊத்திராதிய!" என்று அந்த வெள்ளைக்காரருக்கு நெல்லைத் தமிழில் உரக்கச் சொன்னார். உரக்கச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைப்பு.

மேடத்தின் விரல் திரைப் பக்கம் போனது. அழைப்பைத் துண்டிக்கப் போகிறார் என்று பயந்தேன். ஆனால் அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, மதினி சொன்னதை ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொன்னார். அதற்குள் மதினி அடுப்படிக்கு ஓடிப்போய் மஞ்சள் பொடி, சோப்பு, ஒரு எலுமிச்சம்பழம் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளைத் துணித் துண்டில் மஞ்சளைத் தொட்டு வைத்துக் காட்டினார். சோப்புத் தண்ணீர் விட்டதும் அது சிவந்தது. அந்த மனிதர் "ஆ!" என்று திரைக்குப் பக்கத்தில் வந்தார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததும் சிவப்பு போய் மறுபடி மஞ்சள் ஆனது. பிறகு மதினி ஜன்னல் வழியாக மொட்டை மாடி வெயிலைக் கையால் காட்டினார். அதை மட்டும் நான் மொழிபெயர்த்தேன். "சன். புட் இன் சன். எல்லோ கோ."

அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுத் தன் போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கன இந்தக் காய்ச்சு காயுது. கொஞ்சம் அனுப்பவா முடியும்?" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

எதற்காக மஞ்சள் வைத்தீர்கள் என்று அந்த மனிதர் கேட்டார். அந்தப் புள்ள நல்லா வரணும்னுதான், வேற எதுக்கு என்றார் மதினி. மேடம் அதைச் சொன்னதும் அவர் யாரையோ கூப்பிட்டார். தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, கையில் பாதி கடித்த ரொட்டியோடு ஒரு சின்னப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். அவள்தான் பாடகி.

"சாப்பிட்டியா மக்கா?" என்றார் மதினி.

அவள் ரொட்டியை உயர்த்திக் காட்டினாள். கேள்வி எப்படிப் புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை முழுக்க ஒரு தகவலும் இல்லை. மதினி கோமதியம்மன் சன்னதியில் போய் நின்றுவிட்டு வந்தார். நான் ஒரு ஜாக்கெட்டில் தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அந்தப் பெண்ணின் நாட்டில் எத்தனை வீட்டில் டி.வி. முன்னால் உட்காரக் காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலக் காபி நேரத்தில் படம் வந்தது. ஏதோ ஒரு கார் நிறுத்தும் இடம். தரையெல்லாம் ஈரம். நடுவில் கொஞ்சம் வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலில் தாடிக்காரரும் பாடகியும் இன்னும் இரண்டு பேரும் அங்கியை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்தார்களாம். அடுத்த படத்தில் அந்த மூலை மட்டும். வெள்ளை. பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைதான்.

மதினி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சா? போச்சாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போய்விட்டது மைனி என்று சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சிரிக்கிறோமா அழுகிறோமா என்று எங்களுக்கே தெரியவில்லை. அப்படி ஒரு அப்பாடாவை நான் பிள்ளை பெற்றபோதுகூடச் சொன்னதில்லை.

விடிந்த பிறகு போனில் அந்தப் பாட்டைப் பார்த்தோம். நாலு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். அவள் அங்கியைத் தூக்கிச் சுற்றியபோது எங்கள் மணியெல்லாம் விளக்கில் மின்னியது. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை, மூலையைத்தான் பார்த்தோம். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் இன்று வரை எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் குட்டி நாடு இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. இறுதியில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தார்கள். அதற்கே ஊரில் மேளதாளத்தோடு வரவேற்றார்களாம்.

மேடம் அடுத்த வாரம் கூப்பிட்டு என்னைப் பிரித்து மேய்ந்துவிட்டார். வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். எல்லாம் திட்டி முடித்த பிறகு, "நீங்க சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா அந்த ஆள் பிளீச் ஊத்தியிருப்பார். அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்" என்றார் மெதுவாக. கொஞ்ச நாள் வேலை ஒன்றும் வரவில்லை. ஆடியில் மறுபடியும் ஒரு பொட்டலம் வந்தது. இப்போதெல்லாம் மதினி துணியை விட்டுவிட்டு அட்டைப் பெட்டியின் மூலையில் மஞ்சள் வைக்கிறார். நானும் கண்டுகொள்வதில்லை.

அன்று என் வாயில் பாதியில் நின்ற அந்த வாக்கியம்தான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. நான் அதை முடித்திருந்தால் எங்கள் மாடியைத் தவிர வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் யாரோ ஒரு பெண் அரித்துப்போன அங்கியோடு மேடையில் நின்றிருப்பாள். அதனால் இன்றைக்கும் எங்கிருந்தாவது கறை என்று போன் வந்தால், யார் மேல் தப்பு என்று யோசிப்பதற்கு முன்னால் அது என்ன கறை என்று சொல்லிவிடுகிறேன். திட்டை அப்புறம் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்.