எடிசன் வீட்டில் ரூட்டர், இர்விங்கில் நான்

போன ஜனவரியில் டெக்சஸ் இர்விங்கில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி முன்னமே அங்கே போய்விட்டாள். நியூ ஜெர்சி எடிசன் வீட்டில் நானும் அவள் தம்பி செல்வமும்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுக்கு இடது கைகால் சரியாக வராது. காலையும் மாலையும் உதவிக்கு ஓர் அம்மா வருவார். நடுவில் பார்த்துக்கொள்ள கேமரா இருக்கிறதே என்று நாலு நாளைக்குக் கிளம்பினேன்.

கேமரா, சான்டா கிளாராவில் இருக்கும் என் அக்கா மகன் கார்த்திக் வாங்கித் தந்தது. ரூட்டரோடு சிம் போட்ட குட்டிப் பெட்டி ஒன்றையும் மாட்டவைத்தான். வீட்டு இன்டர்நெட் லைன் போனால் சிம் லைன் பிடித்துக்கொள்ளும்; நான் போனிலிருந்தே ரூட்டருக்குள் போய்ச் சரிசெய்யலாம். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், ஒரே நாளில் இன்ஜினியர் ஆகிவிட்டேன்!

கிளம்புமுன் வழக்கம்போல கேஸ், மாடி விளக்கு, சமையலறை விளக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்தேன்.

"அத்தான், என்னையும் ஆஃப் பண்ணிட்டுப் போங்களேன்" என்றான் செல்வம்.

"உனக்கு ஸ்விட்ச் எங்கேன்னு தெரியலடா."

நெவார்க்கிலிருந்து டல்லாஸுக்கு நாலு மணி நேரம். இறங்கிப் பார்த்தால் எடிசனில் பனிமழை, வீட்டு லைன் போயிருந்தது. சிம் வேலை செய்ததால் போனில் கேமராப் படம் வந்தது. இர்விங்குக்கு டாக்சியில் இருபது நிமிடம். வழியில் கார்த்திக் போனில் சொல்லச் சொல்ல வீட்டு லைனை ரீஸ்டார்ட் செய்தேன். பச்சை விளக்கு வந்தது.

"சூப்பர் மாமா! இனிமே ஒண்ணையும் தொடாதீங்க."

போனை வைத்துவிட்டான். திரையில் இரண்டு பச்சை. ஒன்று எரியும்போது இன்னொன்று எதற்கு வீணாக? சிம்மை அணைத்தேன்.

மகள் வீட்டு வாசலில் இறங்கும்போது லைன் மறுபடி போனது. செல்வம் ஊன்றுகோலுக்குக் கை நீட்டிய நிலையில் படம் அப்படியே நின்றது.

"மாமா, லைன் போனா ரூட்டருக்குள்ளே போறதுக்கு இருந்த ஒரே வழி அந்த சிம்தான். இப்ப நானும் போக முடியாது" என்றான் கார்த்திக்.

செல்வத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. உதவிக்கு வருபவர், ரோடெல்லாம் பனி, வர முடியாது என்றார். பேத்தியை மடியில் வைத்தார்கள். அவள் முகம் எனக்கு ஞாபகமில்லை.

நான் போன் செய்ததும், சாவி வைத்திருந்த பக்கத்துத் தெரு ஆன்ட்டி வழுக்கி வழுக்கி நடந்துபோய்க் கதவைத் திறந்தார். செல்வம் கேமராவுக்குக் கீழே தரையில் கிடந்தானாம். இடுப்பு முறிந்துவிட்டது. "அத்தான் கேட்டுட்டுதான் இருக்காரு, ஆள் அனுப்புவாரு" என்றானாம் ஆன்ட்டியிடம். அவ்வளவு நேரமும் அந்தக் கேமராவைப் பார்த்தே கூப்பிட்டிருக்கிறான்.

வீட்டில் ஆளை விட்டுப் பயணம் போகிறவர்களுக்கு: சிம் லைன் சும்மா இருக்கிறதே என்று தோன்றும். சும்மா இருக்கட்டும். சாவியை இரண்டு பேரிடம் கொடுங்கள். முடிந்தால் போகாதீர்கள்.

செல்வம் இன்னும் நர்சிங் ஹோமில்தான். நான் என்ன கிண்டல் செய்தாலும் பதிலுக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவனைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது என் கை தானாக விளக்கு ஸ்விட்சுக்குப் போகிறது. அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கையை எடுத்துவிடுகிறேன்.