மூன்று சவரிமுத்துகளும் என் இலவச மென்பொருளும்

சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு உதவும் இலவச மென்பொருள்களைத் தேடி இந்த வலைப்பதிவில் எழுதி வருகிறேன். 2010-இல் அதைப் படித்துவிட்டு, இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து மீனவப் பெண்கள் சங்கச் செயலாளர் ஸ்டெல்லா போன் செய்தார். "நீங்க சொன்ன சாஃப்ட்வேரக் கம்ப்யூட்டர்ல போட்டோம் சாரே. ஆளுவளக் காணல்ல!"

ஆட்களைக் காணோமா? ஒன்றும் புரியாமல் மதுரையில் இரவு பஸ் ஏறினேன்.

காலை 6.10-க்கு நாகர்கோவில். அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து 7.25 டவுன் பஸ், 12 கி.மீ., ஐந்து ரூபாய். சங்க ஆபீஸ் எங்கே என்று கண்டக்டரிடம் கேட்டேன். "எந்தச் சங்கம்? சுனாமிக்குப் பொறவு தெருவுக்கு ஒண்ணு உண்டு. குருசடியில எறங்கிக் கேளும்" என்றார், சாலையோரச் சிலுவைக் கோயிலைச் சொல்லி. இரண்டு தப்பான சங்கங்களில் டீ குடித்த பிறகே ஸ்டெல்லாவைக் கண்டுபிடித்தேன்.

மீனவர்களின் விபத்துக் காப்பீட்டுப் பட்டியல் அன்று மாலை நான்கு மணிக்குள் நாகர்கோவில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். விடுபட்டவருக்கு அந்த வருஷம் காப்பீடு இல்லை. சங்க நோட்டில் 86 பேர், கணினியில் 61. வைரஸா? எழுத்துருக் கோளாறா? இரண்டு மணி நேரம் திருதிருவென்று முழித்தேன்.

கடைசியில் கண்ணில் பட்டது, நான் பதிவில் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருந்த வசதி: ஒரே பெயர் மறுபடி வந்தால் மென்பொருள் தானாகவே நீக்கிவிடும்.

"அட சவமே!" ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டார். "மூத்த மவனுக்கு அப்பனுக்க அப்பன் பேரத்தான இடுவோம்? அந்தோணி, அருளப்பன், அமலன் மூணுபேரும் அண்ணந்தம்பி. மூணுபேருக்க மூத்தவனும் சவரிமுத்து. எல்லாம் அ. சவரிமுத்துதான்!"

"பிறகு எப்படி அடையாளம் தெரியும்?"

"நெட்டையன், கறுத்தவன், துபாய்க்காரன். நோட்டுல இருக்குல்லா? கம்ப்யூட்டர் அதக் கேக்கல்ல, நாங்க அடிக்கல்ல." சட்டென்று குரல் இறங்கியது. "கறுத்தவன் என்னக் கெட்டின மாப்பிள. இப்பம் கடல்ல கெடக்காரு."

பட்டப்பெயருக்கு ஒரு கட்டம் சேர்த்து, 25 பேரையும் திரும்ப அடித்தோம். 2.50-க்கு ஆட்டோ, 150 ரூபாய். என் பதிவைப் படித்த பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு ஸ்டெல்லா வழியிலேயே போன் போட்டு, "ஏட்டி, அந்தச் சாஃப்ட்வேர நம்பாத, நோட்டோட ஒத்துப் பாரு!" என்று கத்தினார். 3.35-க்கு பட்டியலைக் கொடுத்தோம்.

இந்தப் பக்கம் வருபவர்களுக்கு: 7.25 பஸ்ஸை விட்டால் அடுத்தது 8.40. மென்பொருள் பரிந்துரைக்க வருபவர்களுக்கு: முதலில் அவர்களுடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் படிக்கவில்லை. அந்தப் பழைய பதிவின் தலைப்பிலேயே இப்போது எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

அன்றிரவு ஊரிலேயே தங்கினேன். மறுநாள் காலை கரைக்கு வந்த கறுத்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைய அழிச்ச சாரு இவருதானா?" என்று சிரித்தபடி ஈரக் கையை நீட்டினார். நான்தான் அந்தக் கையை வெகுநேரம் விடவில்லை.