விளம்பரம் வேறு, நன்கொடை வேறு

வீடு வீடாக ஏறி இறங்கி இன்சூரன்ஸ் விற்றவளுக்கு, முகத்தில் கதவு சாத்தப்படுவதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் நிதி திரட்டும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தார்கள். அவள் மகள் அங்கே படித்து முடித்து வேலைக்கே போய்விட்டாள். அம்மாதான் பள்ளியை விட்டு நகரவில்லை. ஆசிரியைகளுக்கு அவள் ‘புயல் அக்கா’.

அந்த வருடம், வெளிச் சத்தம் புகாத பேச்சுப் பயிற்சி அறை ஒன்று கட்ட வேண்டியிருந்தது. அதற்காக டிக்கெட் விற்று ஒரு விருந்து நிகழ்ச்சி. அறையின் பாதிச் செலவை ஏற்பதாகச் சொன்ன பெயிண்ட் கம்பெனி மேனேஜர், மேடை நிறைய விளம்பரமும் முன்வரிசையில் இரண்டு மேஜையும் கேட்டார். எல்லாம் பேசி எழுந்தபிறகு, “மொத்தத் தொகைக்கும் நன்கொடைன்னே ரசீது போட்டுடுங்க மேடம். நன்கொடைக்குத்தான் வரியில சலுகை அதிகம்” என்றார்.

என்னவோ நெருடியது. ஆடிட்டராக இருக்கும் தம்பி மனைவிக்கு ஃபோன் போட்டாள்.

“ஐயோ அண்ணி, போட்டுத் தொலைச்சிடாதீங்க! பதிலுக்கு எதுவும் வாங்காம குடுத்தாதான் நன்கொடை. விளம்பரத்துக்கும் சாப்பாட்டுக்கும் உண்டான பணம் அதுல சேராது. விளம்பரத்தை அவங்க வியாபாரச் செலவா காட்டிக்கட்டும், அதுக்கும் வரி குறையும். பொய் ரசீது குடுத்தா நன்கொடை ரசீது குடுக்க பள்ளிக்கூடத்துக்கு இருக்கற அனுமதியே போயிடும்.”

மறுநாள் அதையே சொன்னதும் மேனேஜரின் முகம் சுண்டிப்போனது.

“மத்தவங்கல்லாம் குடுக்கறாங்களே?”

“குடுக்கட்டும் சார். எங்க பிள்ளைங்க பேரால நான் பொய் எழுத மாட்டேன்.”

கம்பெனி கழன்றுகொண்டது. தலைமையாசிரியை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் புயல் அக்காவின் மண்டைக்குள் தம்பி மனைவி சொன்ன ‘வியாபாரச் செலவு’ குடைந்துகொண்டே இருந்தது. பெரிய கம்பெனிக்குச் செல்லுபடியாவது சின்னக் கடைக்கு ஆகாதா? கேட்டாள், தாராளமாக ஆகும் என்று பதில் வந்தது. கடைத்தெருவில் இறங்கிவிட்டாள்.

“தர்மம் பண்ற அளவுக்கு நமக்கு வசதி ஏதும்மா?” என்று இழுத்தார் டயர் கடைக்காரர்.

“தர்மம் யாருண்ணே கேட்டா? விளம்பரம் பண்ணுங்க. அத்தனை பேர் கண்ணு முன்னாடியும் உங்க போர்டு நிக்கும். பில்லு தரேன், கடைச் செலவுல எழுதிக்குங்க.”

“கடைச் செலவா? அப்போ பெரிய போர்டாவே போடு!”

அவரைப் பார்த்துக் கண்ணாடிக் கடை, அச்சகம், முடிதிருத்தும் கடை என்று வரிசையாக வந்து சேர்ந்தார்கள். மேடையில் ஊசி குத்த இடமில்லை. கேக் கடை போர்டுக்குப் பக்கத்திலேயே பல் டாக்டர் போர்டு வந்து விழுந்ததில் இரண்டு பேருக்குமே சந்தோஷம்.

விருந்தன்று, அறைக்கு வேண்டிய பணம் முழுவதும் சேர்ந்துவிட்டதாக அவள் மைக்கில் அறிவித்தாள். கீழே இறங்கினால், மனைவியோடு டிக்கெட் வாங்கி வந்திருந்த பெயிண்ட் கம்பெனி மேனேஜர் நிற்கிறார்.

“ஒரு ஓரமா எங்க போர்டையும்...”

“இடமே இல்லைங்க சார். பதிலுக்கு ஒண்ணும் வேணாம்னு குடுங்க, முழுத் தொகைக்கும் நன்கொடை ரசீது இப்பவே தரேன்!”

அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மேனேஜருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. செக் புத்தகத்தை எடுத்தார். பயிற்சிக் கருவிகளுக்கும் வழி பிறந்தது.

மேடையில் பிள்ளைகள் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் கைதட்டும் விதம். டயர் கடைக்காரர் முதலில் விழித்தார், பிறகு எழுந்து நின்று ஆட்டினார். அரங்கமே சத்தமில்லாமல் ஆர்ப்பரித்தது.