வலிக்காத கால்: ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டாவுக்கு ஒரு சோதனை ஓட்டம்

டிசம்பரில் ஏலகிரிப் பக்கம் மலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அதற்கு நாலு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா வரை ஓடிப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். கிட்டத்தட்ட இருபத்தெட்டு கிலோமீட்டர். இதை முழுசாக ஓடினால் மலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டில் உட்காரலாம் என்று எனக்கு நானே நிபந்தனை வைத்திருந்தேன். சுகரோடு ஓடுகிறவர்கள் இந்த வலைப்பூவில் நிறைய பேர் கேள்வி கேட்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: வயது நாற்பத்தொன்று. ஆம்பூரில் பெண்கள் ஷூ தைக்கும் கம்பெனியில், சாம்பிள் ரூமில் வேலை. மகள் வயிற்றில் இருந்தபோது வந்த சுகர், அவள் பிறந்த பிறகும் போகவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. காலையில் மாத்திரை, ராத்திரி ஊசி. என் அப்பாவுக்கும் சுகர்தான். முதலில் ஒரு கால்விரலை எடுத்தார்கள், அடுத்த வருஷம் இன்னொன்று. நான் ஓட ஆரம்பித்ததே அந்த பயத்தில்தான். ஐம்பது கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டால் அப்பா போன வழியில் நான் போகமாட்டேன் என்று ஒரு நம்பிக்கை. அசட்டு நம்பிக்கைதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் அஞ்சு வருஷம் ஓடியிருக்கிறேன்.

இதில் செப்டம்பரிலிருந்து இடது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியில் மிதித்தது மாதிரி இருக்கும். ஃப்ரீஸரில் வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலால் உருட்டுவது, மாடிப்படியில் நின்று கெண்டைக்காலை இழுப்பது, எல்லாம் செய்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும்போது நாளைக்கு எப்படி இருக்குமோ என்று குதிகாலை அமுக்கிப் பார்ப்பேன்.

இங்கே ஷூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கால் சைஸ் முப்பத்தேழு. பெண்கள் ஷூவில் சாம்பிள் எல்லாம் அந்த சைஸில்தான் செய்வார்கள். அதனால் எங்கள் கம்பெனியில் எந்தப் புது மாடல் வந்தாலும் முதலில் ஏறுவது என் காலில்தான். இரண்டு வாரம் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே இறுக்குகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "உன் மூளைக்கு இல்லடி, காலுக்குத்தான் சம்பளம்" என்று தஸ்லீம் கிண்டல் பண்ணுவாள். தஸ்லீம் தையல் லைன் சூப்பர்வைசர், என் தோஸ்த்.

இந்த முறை வந்தது ஒரு வாக்கிங் ஷூ. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இடதில் பழைய ஃபோம், வலதில் புது ஃபோம். இரண்டையும் ஒரே ஆள் காலில் ஒப்பிட்டுப் பார்க்க அப்படித்தான் செய்வது வழக்கம். இரண்டு வாரம் நடந்தேன். இடது வலித்தது, வலது பூ மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை அப்படியே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். புது ஃபோம் அருமை, எந்தத் தொந்தரவும் இல்லை. அதை நம்பி அடுத்த வாரம் ஆர்டர் போடுவதாக இருந்தார்கள்.

ஞாயிறு ஓட்டத்துக்கும் அதே ஜோடியைத்தான் போட்டேன். வேறு வேலையில் இருப்பவள் யாராவது இப்படிச் செய்வாளா? நடக்க மட்டும் கொடுத்த சாம்பிள், இடதும் வலதும் வேற வேற. ஆனால் என் பழைய ஷூ அடி தேய்ந்து போயிருந்தது. ஒரு காலாவது சுகமாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். அதோடு, நானே நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்த ஷூ. சமைத்தவளே தன் குழம்பை நம்பாவிட்டால் யார் நம்புவது?

காலை 5.10க்குக் கிளம்பினேன். சுகர் 148. தஸ்லீம் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். அவள் பையில் பேரீச்சம்பழம், குளுகோஸ் பொடி, சுகர் மெஷின், நாலு லிட்டர் தண்ணீர். சர்வீஸ் ரோடு அங்கங்கே அறுந்துபோகும். அந்த இடங்களில் ஹைவே ஓரத்தில் ஓடாதீர்கள், ஊருக்குள் இறங்கி ஏறுங்கள். தோல் பதனிடும் ஷாப்களின் வாடை முதல் மூன்று கிலோமீட்டருக்கு ஜாஸ்தி. வெளியூர்க்காரர்களுக்குக் குமட்டும், பிறகு பழகிவிடும். நாய்கள் உண்டு. ஸ்கூட்டர் ஹாரனுக்கு விலகிப் போகின்றன.

ஓடும்போது என் மனசெல்லாம் இடது குதிகாலில்தான். ஒவ்வொரு அடிக்கும் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். இப்போ ஜாஸ்தியா, கம்மியா? ரோடு சரிவினால் வலிக்குதா, இல்லை உள்ளே கிழிஞ்சுடுச்சா? மாதனூர் வந்தபோது 6.55, பதின்மூன்று கிலோமீட்டர். சுகர் 121. ரெண்டு பேரீச்சம்பழம் தின்றேன். தஸ்லீம் என் மூஞ்சியைப் பார்த்து, போதும் ஏறு, பஸ் மாதிரி இறக்கி விடறேன் என்றாள். நான் கேட்கவில்லை. வலி ஒரே அளவில்தான் இருக்கு, வலது கால் பிரமாதமா இருக்கு என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அகரம்சேரி தாண்டியதும், இருபத்தோராவது கிலோமீட்டரில் கை நடுங்க ஆரம்பித்தது. உதடு மரத்துப்போய், முதுகில் சில்லென்று வியர்வை. எனக்குத் தெரிந்த பேஜார்தான். டீக்கடை ஒன்று திறந்திருந்தது, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சுகர் 66. தஸ்லீம் குளுகோஸைக் கரைத்து வாயில் ஊற்றினாள். பயந்து போயிருந்தாள், அதனால் திட்டிக்கொண்டே ஊற்றினாள்.

டீக்கடைக்காரர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "வேளாங்கண்ணிக்கு நடக்கறீங்களாம்மா? அது இந்தப் பக்கம் இல்லையே" என்று கவலையாகக் கேட்டார். தஸ்லீம் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கால் மணி நேரத்தில் சுகர் 104க்கு வந்தது. இன்னும் ஏழு கிலோமீட்டர் நடந்தாவது முடித்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கு முன்னால் குதிகாலை நீவிக்கொள்ளலாமென்று இடது ஷூவைக் கழற்றினேன்.

தஸ்லீம் குனிந்து என் வலது ஷூவைப் பார்த்தாள். வெள்ளைத் துணி ஷூ அது. "இன்னாடி இது, முன்னாடி கறை?" என்றாள். டீ சிந்தியிருக்கும் என்றேன். அவள் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். தோலும் சாயமும் தெரிந்த கை அது.

"இது டீ இல்ல. கழட்டு."

"அது நல்ல கால்டி. இடதைப் பாரு."

அவள் லேஸைப் பிரித்தாள். சாக்ஸ் முன்பக்கம் முழுக்க ரத்தம். கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து, எட்டணா அளவுக்குச் சிவப்பாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் முடிந்தது. வலி எங்கே என்று தேடினேன், இல்லை. இன்னொருத்தி காலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

தஸ்லீம் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவினாள். முன்பக்கம் புது ஃபோம் பசை விட்டு மடிந்து கிடந்தது. என் விரலைப் பிடித்து உள்ளே வைத்துக் காட்டினாள். மடித்த அட்டை மாதிரி தடித்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் பத்தடியில் கழற்றி எறிந்திருப்பார்கள். நான் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். இது இன்றைக்கு மடிந்ததா, இல்லை இந்த மடிப்பின் மேலேயே இரண்டு வாரம் நடந்துதான் அருமை என்று எழுதினேனா? எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா ஒருநாள் காலில் முள் குத்தியது தெரியாமல் சாயங்காலம் வரை சுற்றினார். அம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை.

பள்ளிகொண்டா அப்படியே நின்றுபோனது. காயத்தை நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தத் துணி கட்டி, ஸ்கூட்டரிலேயே திரும்பினோம். திங்கட்கிழமை காலை மேனேஜரிடம் போய் என் ரிப்போர்ட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். வலது காலில் எனக்குச் சரியாகத் தெரிகிறதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றேன். அவர் வலது ஷூவை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ஆர்டரை நிறுத்துகிறேன், நீ முதலில் டாக்டரைப் பார் என்றார். அடுத்த சாம்பிளுக்கு யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வழியில் ஓட நினைப்பவர்களுக்கு: ஆறு மணிக்கு முன்னால் கடை திறந்திருக்காது, தண்ணீரை நம்பிப் போகாதீர்கள். ஒன்பதுக்கு மேல் நவம்பரிலும் வெயில் சுடுகிறது. பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூருக்கு டவுன் பஸ்ஸும் வேலூர் பஸ்ஸும் அடிக்கடி உண்டு, முப்பது நாற்பது ரூபாய்க்குள் ஆகும். சுகர் இருப்பவர்கள் துணை இல்லாமல் போகவே கூடாது. நடுக்கம் வந்த பிறகு பார்ப்போம் என்று இருக்காமல், ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை உட்கார்ந்து சுகர் பாருங்கள். வெள்ளை சாக்ஸ் போடுங்கள், கறுப்பில் ரத்தம் தெரியாது. ஷூ போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு ஷூவையும் கழற்றுங்கள், வலிக்காத காலை முதலில். நான் இரண்டு மாசமாக வலிக்கிற காலுக்குப் பாட்டில் உருட்டிக்கொண்டிருந்தேன். மற்றதை ஒருநாள்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் ஓட்டத்தில் நான் இல்லை. புண் ஆறும் வரை ஓட்டமே கிடையாது. அதற்குப் பிறகு என்ன என்பதை டாக்டர் அப்புறம் பேசலாம் என்றிருக்கிறார். இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இவ்வளவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் நடந்ததை மட்டும் மறைத்தால், உங்களில் யாராவது கால் சோதனையைத் தள்ளிப்போடுவீர்கள்.

செவ்வாய்க்கிழமை வேலூருக்குப் போனோம். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். தஸ்லீம் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டிவிட்டு, என்னைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். அவர் கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய கம்பி. காலில் அங்கங்கே அதால் தொடுவேன், தெரிந்ததும் சொல்லுங்கள் என்றார்.

இடது காலில் ஆரம்பித்தார். குதிகாலில் தெரிந்தது, சொன்னேன். நடுப்பாதத்தில் தெரிந்தது. விரல்களில் இரண்டு இடத்தில் லேசாகத்தான் தெரிந்தது. அப்புறம் வலது காலுக்கு வந்தார். குதிகாலில் தெரிந்தது. பிறகு விரல்களைப் பார்க்கப் போகிறேன் என்றார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல் காத்திருந்தேன். காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. தஸ்லீம் என் கையைப் பிடித்திருந்தாள், அவள் பிடி இறுகிக்கொண்டே போனது.

"ஆரம்பிக்கலாம் டாக்டர், நான் ரெடி" என்றேன்.

தஸ்லீம்தான் சொன்னாள்.

"முடிச்சிட்டாருடி."