கரண்டு டாக்டரின் வலது தோள்

அக்கம்பக்கத்தில் அவருக்குக் கரண்டு டாக்டர் என்று பெயர். பிசியோதெரபிஸ்ட் என்று சொல்வதற்குள் வாய் சுளுக்கிக்கொள்கிறது என்று ஜனங்களே வைத்துவிட்ட பெயர். முதல் மாடியில் மூன்று கட்டில், பச்சைத் திரை, வெந்நீரில் சூட்டுப்பைகள் மிதக்கும் எவர்சில்வர் தொட்டி, ஒரு அல்ட்ராசவுண்டு மிஷின், வலிக்குக் கரண்டு வைக்கிற பெட்டி ஒன்று. இவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம். வாசல் மேசையில் மனைவி உட்கார்ந்திருப்பாள் என்பதால், அதுவும் அவருடையதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடுவார். "மிஷின் வலியைத்தான் குறைக்கும். கையைத் தூக்கறது உங்க வேலை." பயிற்சி செய்யாமல் வந்து நிற்பவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவருடைய வலது தோளே ஒருநாள் இறுகிப்போனது. சட்டை போடப் போன கை பாதி வழியில் நின்றது. வைத்தியனுக்கே இந்தக் கதி என்று தெரிந்தால் பிழைப்பில் மண்தான். அதனால் மூச்சு விடவில்லை. மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தோளுக்குச் சூட்டுப்பை வைத்தார். அடுத்து கரண்டு. வெளியே சொன்னால் வெட்கக்கேடு, பரம சுகமாக இருந்தது. பயிற்சியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிப்போனார். அந்த நாளை வரவே இல்லை.

முதுகுப் பக்கம் கரண்டுப் பட்டையை ஒட்ட அவர் கை எட்டாது. மனைவிதான் ஒட்டிவிட்டாள்.

"இப்படி வேற யாராவது படுத்துக் கிடந்தா என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்லுவேன்?"

"உங்க வீட்டுல கட்டில் இல்லையான்னு கேப்பீங்க."

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு பெயிண்டர் வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கும் அதே வலது தோள். சீலிங்குக்கு ரோலரைத் தூக்க முடியவில்லை. மாதக் கடைசி வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

"கவலையை விடுங்க. நான் காட்டறதை அப்படியே செய்ங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்," என்றார் டாக்டர்.

பெயிண்டரின் வலது தோளுக்குச் சூடு வைத்தார், ஜெல் தடவி அல்ட்ராசவுண்டு தேய்த்தார். பிறகு வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைக் காட்டினார். சுவரில் விரல்களை வைத்து, ஒவ்வொரு விரலாக நகர்த்தி மேலே ஏறவேண்டும். வலது கையால் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று இடது கையால் காட்டினார். கை ஜம்மென்று உச்சிக்குப் போனது. தன் சமயோசிதத்தைத் தானே மெச்சிக்கொண்டார். பெயிண்டரைச் செய்யச் சொல்லிப் பார்த்திருக்கலாம். தனக்கு எடுத்துவைத்த சூட்டுப்பை ஆறிவிடுமே என்று அவசரமாக அனுப்பிவைத்தார்.

பெயிண்டர் ஒழுங்காக வந்துபோனார். வலி குறைந்தது, கை மட்டும் ஏறுவேனா என்றது. மாதக் கடைசி நெருங்க நெருங்க அவர் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"வீட்டுல செய்யறீங்களா இல்லையா?" என்று டாக்டர் ஒருநாள் சீறினார். "மிஷின்ல சுகமா படுத்துக் கிடந்தா கை ஏறாது."

மேசையிலிருந்து மனைவி இருமினாள்.

"தினமும் செய்யறேன் சார்."

"எங்க, என் முன்னாடி செய்ங்க."

பெயிண்டர் சுவரோரம் போய் நின்று இடது கையை வைத்தார். விரல்கள் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறின.

"அந்தக் கை எதுக்குங்க?"

"நீங்க காட்டின கை சார். வலிக்கிற கைக்கு மிஷின், நல்ல கைக்கு எக்சர்சைஸ்னு நினைச்சேன். படிச்சவங்க, காரணம் இல்லாமலா காட்டுவீங்க?"

டாக்டருக்கு விஷயம் உறைத்தது. தன் ஜம்பத்தால் ஒரு மனுஷனுடைய வேலையே போகப்போகிறது. அப்போதும் புத்தி வரவில்லை. "இனிமே வலது கையில செய்ங்க," என்று சொல்லிக் கழன்றுகொள்ளப் பார்த்தார்.

"எவ்வளவு வலி வரைக்கும் போகலாம்னு தெரியலை சார். ஒரு தடவை வலது கையிலயே காட்டிடுங்களேன்."

"காட்டுங்க," என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் காட்டினார். விரல்கள் நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டன. முகம் கோணியது.

"உங்களுக்குமா சார்?"

"எனக்கும்தான். நான் செய்யாததை உங்களைச் செய்யச் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

அன்றைக்கே மேஸ்திரிக்குப் போன் போட்டார். கை ஏறாததற்குத் தப்பு தன்னுடையது, இன்னும் ஒரு மாதம் பொறுக்கவேண்டும் என்று கெஞ்சினார். "தப்பு உங்களுதுன்னா அவரை வேற நல்ல டாக்டரா பார்த்து அனுப்பவேண்டியதுதானே," என்று கேட்டுவிட்டுத்தான் மேஸ்திரி சம்மதித்தார். டாக்டர் அதையும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் சூடு வைத்த கையோடு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுவர் ஏறினார்கள். அவரவர் கை ஏறின இடத்தில் பெயிண்டர் பென்சிலால் கோடு போடுவார். பெயிண்டருக்கு வேலை பயம், கோடு மளமளவென்று ஏறியது. டாக்டருக்கு இடையிடையே கட்டில் ஞாபகம் வந்துவிடும்.

கெடு முடிவதற்குள் பெயிண்டர் சீலிங் வேலைக்குப் போய்விட்டார். ஒரு லீவு நாளில் ரோலரும் டப்பாவுமாக வந்து, ஜெல் கறை படிந்த அந்தச் சுவர் முழுக்க வெள்ளை அடித்துக்கொடுத்தார். ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை அழுக்காகவே நின்றது. அதிலிருந்த பென்சில் கோடுகள் தோள் உயரத்தோடு முடிந்திருந்தன.

"அதை ஏன் விட்டுட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"அது உங்க பக்கம் சார். நீங்க மேல வந்ததும் அடிச்சுக்கலாம்."

இப்போது வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பட்டை என்ன என்று கேட்கிறார்கள். மனைவி ஒருத்தர் விடாமல் விவரமாகச் சொல்லுகிறாள். மத்தியானம் கதவைச் சாத்தியதும் டாக்டர் முதலில் சுவரிடம்தான் போகிறார்.