பல்கனியில் நின்ற பூச்சாடி

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் தோட்ட வேலைக்குப் போன தமிழர் பலர். பெயர் எடுத்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; இன்று என் கொம்பனிக்கு மூன்று வான் ஓடுகின்றன. அதற்கு வழி திறந்தது ஒரு சேற்றுப் பூண்டு.

மிசிஸ் வில்சன் என்ற வெள்ளைக்காரக் கிழவிக்கு ஓர் ஆசை. ரொக்கி மலையில் ஓடைக்கரைச் சேற்றில் வளரும் வெள்ளை மார்ஷ் மேரிகோல்ட் தன் வளவில் பூக்கவேண்டும். முன்பு வந்த கார்டனர்மார் முயன்று கைவிட்டிருந்தார்கள். நான் குழி வெட்டி, குளத்துக்கு அடியில் விரிக்கும் பொண்ட் லைனர் பிளாஸ்டிக்கை விரித்து, அதில் சில ஓட்டைகள் குத்தி, பீற் மொஸ் என்ற மக்கிய பாசியும் மணலும் நிரப்பி, ஊரில் வெங்காயப் பாத்திக்கு இறைப்பதுபோலத் தண்ணீர் விட்டேன். கன்றுகள் பிடித்துவிட்டன.

வசந்தத்தில் பூத்தால் தெருவிலுள்ள தோட்டமெல்லாம் உன் கையில் என்று சொல்லிவிட்டு, கிழவி குளிருக்குப் புளோரிடா போனார்.

முதல் உறைபனி அன்று, என்னோடு வேலை செய்த மனைவியின் தம்பி செல்வம் எங்கள் ரெக்ஸ்டேல் அப்பார்ட்மென்டுக்கு வந்தான். கன்றுகளையெல்லாம் கிளப்பிப் பூச்சாடிகளில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"என்னடாப்பா உது?"

"இலையெல்லாம் கருகிப்போச்சு அத்தான். கறிவேப்பிலையை மட்டும் உள்ளுக்கு எடுக்கிறியள். உதுகளும் உயிர்தானே?"

ஹீற்றருக்குப் பக்கத்தில், கறிவேப்பிலையோடு அடுக்கினான். நானும் "கெட்டிக்காரன்" என்று மெச்சியதாக இன்றும் சொல்லித் திரிகிறான். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. இடம் போதாத ஒரு சாடி மட்டும் பல்கனியில் நின்றது.

ஸ்னோ கொட்டும் காலத்தில் உள்ளே நின்றவை வெளிறி, நெட்டையாக முளைத்து, ஒவ்வொன்றாகச் சரிந்து அழுகின. தெரு கைவிட்டுப் போகப்போகிறது. பல்கனிச் சாடியில் கிடந்த ஸ்னோவை விலக்கிப் பார்த்தேன். குருத்து கட்டையாக, இறுக்கமாக இருந்தது. அப்போதுதான் விளங்கியது. விதை வெங்காயத்தைக் கிண்டிய கையோடு நடுகிறோமா? பிடி பிடியாகக் கட்டித் தொங்கப்போட்டு, உறங்கவிட்டல்லவா நடுகிறோம்! இந்தச் சேற்றுப் பூண்டுக்கு ஸ்னோதான் உறக்கம்.

செல்வம் போர்வையோடு வந்தான்.

"விறைச்சுச் சாகப்போகுது அத்தான்."

"அதிலை கை வைச்சியெண்டால் உன்னைத்தான் பல்கனியிலை விடுவன்!"

வசந்தத்தில் அந்த ஒன்றைப் பாத்தியில் நட்டேன். வெள்ளையாகப் பூத்தது. மிசிஸ் வில்சன் வந்து பார்த்து, மற்றவை எங்கே என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், "டூ மச் லவ், மேடம்" என்றேன்.

கிழவி சிரித்துச் சிரித்து, சேறு என்றும் பாராமல் அதிலேயே குந்திவிட்டார். தெரு எனக்குக் கிடைத்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களுக்குக் குளிர்கிறது என்பதற்காகச் செடிக்குப் போர்க்காதீர்கள். ஸ்னோ விழுந்தால் ஊரெல்லாம் வழித்துக் கொட்டச் சவள் எடுக்கும். நான் அந்தப் பாத்தியில் அள்ளிப் போட எடுப்பேன்.