ஒலிபெருக்கிக்கு வராத கிட்டார்

கிட்டார் கலைஞர் வேலுச்சாமி நேற்று காலை கொல்லங்கோட்டில் காலமானார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி பரவிய ஒரு மணி நேரத்தில் என் முகநூல் முழுவதும் அஞ்சலிகள்… 'RIP' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு கூப்பிய கை, அவருடன் எடுத்த ஒரு செல்ஃபி. படிக்கப் படிக்க அருவருப்பாக இருக்கிறது.

அவற்றுள் தலையாயது திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்தும் எங்கள் கானமேளா ட்ரூப்பின் உரிமையாளர் எழுதியது. "என் உடன்பிறவாத் தம்பி, நம் ட்ரூப் வளர்த்தெடுத்த மேதை" என்கிறார். இதைப் படித்த பின்னும் வாய் மூடியிருக்க என்னால் இயலவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ட்ரூப்பில் ஒன்பது ஆண்டுகள், ஒவ்வொரு கருவியின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் சவுண்ட் மிக்ஸரில் அமர்ந்தவள் நான். எவரிடமும் பயிலாமல், கையேடுகளைப் படித்தும் என் காதை நம்பியும் நானே கற்றுக்கொண்ட தொழில் அது.

வேலுச்சாமி அண்ணன் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ஆலையில் லேத் ஓட்டியவர். வாசித்ததோ, ஐரோப்பாவின் பழைய வயலின் மேதைகள் வில்லால் செய்த வித்தைகளை மின்கிட்டாரில் மூச்சுவிடாத வேகத்தில் செய்து காட்டும் முறை. நியோகிளாசிக்கல் ஷ்ரெட்.

அதற்காகக் கிட்டாரின் கழுத்தில், ஃப்ரெட்டுகள் எனும் உலோகக் கட்டைகளுக்கு இடைப்பட்ட மரத்தை வட்ட அரத்தால் தாமே குழிவாக அராவிக்கொண்டார். விரல் மரத்தில் உரசாது, தந்தியை மட்டுமே தொடும்.

"ஏனுங்ணா, கிட்டாரக் கரையான் அரிச்சிருச்சுங்களா?" என்று ட்ரூப்பில் சிரித்தார்கள்.

"கரையானுக்கு இத்தன பொறுமை ஏதுங்க?" என்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இராது.

உரிமையாளருக்கு அந்த வாசிப்புப் பிடிக்காது. சோலோ தொடங்கியதும் மிக்ஸர் அருகே வந்து நின்றுவிடுவார்.

"அம்மிணி, ஆரம்பிச்சுட்டான் பாரு. கிட்டார எறக்கு. சனம் எந்திரிச்சுப் போயிரும்."

"வாசிக்கட்டும்னுதானுங்களே சோலோ குடுத்தீங்க?"

"வாசிக்கட்டும், யாரு வேண்டாம்னா? கேக்காம இருந்தாச் சரி."

இறக்கினேன்.

முதலமடை மைதானம் முதல் மூணாறு எஸ்டேட் வரை, ஒவ்வொரு மேடையிலும் இறக்கினேன். அவர் காலடியில் இருந்த சிறிய ஆம்ப்ளிஃபயர் மட்டும் அவருக்காக முழங்கும். மைதானத்து ஸ்பீக்கர்களில் கீபோர்டு கேட்கும்.

இன்று அவரைக் 'குரு' என்று எழுதும் கிட்டார்க்காரர்கள் அத்தனை பேரும், அந்த மேடைகளைச் செல்போனில் பிடித்து, விரல்களைப் பார்த்துக் கற்றவர்கள். அந்த வீடியோக்களில் அவருடைய ஒலியே இல்லை.

அவர் ஆறு தந்திகளையும் அரைச் சுருதி தளர்த்திக் கட்டுவார் என்பதுகூட இவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் அரைச் சுருதி மேலே நின்று 'சமர்ப்பணம்' வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். வேகம் மட்டும் வந்திருக்கிறது. அந்த வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே பிரிந்து கேட்கும் சுத்தம்… அது எவர் கைக்கும் வரவில்லை. இதற்குப் பெயர் வாரிசாம்.

ஆனால் அவர்களைவிட என்மீதுதான் எனக்கு அருவருப்பு அதிகம்.

நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணன் வந்து கேட்பார். "அம்மிணி, வெளிய எப்படிக் கேட்டுச்சு?"

"நல்லாக் கேட்டுச்சுங்ணா."

எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "வெளிய எறக்கி வெச்சாலும் உன்ற கம்ப்யூட்டர்ல முழுசா ரெக்கார்டு ஆகுமில்ல அம்மிணி?"

"ஆகுமுங்ணா" என்றேன்.

"அழிச்சறாத."

அவ்வளவே. அதன் பிறகு, வெளியே எப்படிக் கேட்டது என்று அவர் கேட்கவே இல்லை.

இன்று காலை உரிமையாளர் அழைத்தார். "அந்த ரெக்கார்டெல்லாம் ட்ரூப்போடதுதான அம்மிணி? அஞ்சலி நிகழ்ச்சிக்கு ஒரு இருவது செகண்டு வெட்டிக் குடு. அதுக்கு மேல போனா போரடிக்கும்."

அழைப்பைத் துண்டித்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி சரசு அக்கா முதலமடை மண்டியில் மாங்காய் தரம் பிரிப்பவர். என்னை அருகில் அமரச் சொன்னார்.

"ஊட்ல வயரு மாட்டாம டிக்கு டிக்குனு வாசிப்பாரு. நான் கேட்டது அது மட்டுந்தான். ஒருக்கா சித்தூர் திருவிழாவுக்கு வந்து பெரிய ஸ்பீக்கருக்கு முன்னாடியே உக்காந்தேன். வெரலு ஓடுது, சத்தத்தக் காணோம். எனக்குத்தான் வெளங்கலயாட்ட இருக்குதுன்னு கம்முனு வந்துட்டேன். எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு… நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."

"உங்க காதுல ஒண்ணுமில்லீங்கக்கா" என்றேன். "நான்தானுங்க எறக்கி வெச்சேன்."

ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்து, ஏழு நிமிடப் பதிவு ஒன்றை ஓடவிட்டேன். கீரவாணி ராகத்தின் சுரங்கள்தாம், ஆனால் நம் கச்சேரிகளில் அந்தச் சுரங்கள் அப்படிப் பறந்ததில்லை.

அக்கா அழவில்லை. முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதையா எறக்கி வெச்ச?"

ஆமென்று தலையாட்டினேன்.

மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டார். உரிமையாளர் இருபது செகண்டு வெட்டிக் கேட்டதைச் சொன்னேன். அக்கா சொன்னார்: "அந்த ஆளுக்குக் குடுக்காத. அவன் வந்தா நான் பேசிக்கறேன். நீ ஸ்பீக்கர் பொட்டி கொண்டாந்து இங்க போடு. தெருவே கேக்கட்டும்."

நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு, அண்ணன் வீட்டு வாசலில் இரண்டு ஸ்பீக்கர்கள் வைக்கிறேன். பதிவுகள் வெட்டப்படா. எவ்வளவு சத்தம் என்பதை அக்கா தீர்மானிப்பார்.

சென்று வாருங்கள், அண்ணா.